ஓய்வு வயதிலிருந்து விலக்கு

தறியில் உட்காருபவருக்கு ஓய்வு வயது கிடையாது. கண்ணும் காலும் இடங்கொடுக்கும் வரை நெய்கிறார். அரசாங்க உத்தியோகஸ்தருக்கோ வேலையில் சேரும்போதே வெளியேறும் நாளும் தெரிந்துவிடுகிறது. “நன்றாக உழைப்பவரை ஏன் அனுப்ப வேண்டும்? அவருக்கு மட்டும் விலக்கு அளித்தால் என்ன?” என்று அங்கத்தினர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

மத்திய அரசாங்க ஊழியரின் ஓய்வு வயது 1962-இல் 55-லிருந்து 58 ஆகவும், 1998-இல் 60 ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆயிற்று. வரம்பு நகர்ந்ததே தவிர நீங்கவில்லை. மூத்தவர் இறங்கினால்தான் இளையவர் ஏற முடியும் என்பது யாவரும் அறிந்த காரணம். பலர் கவனியாத காரணம் ஒன்றும் உண்டு. எல்லோருக்கும் ஒரே வயது என்றிருப்பதால், ஒருவரை வைத்துக்கொள்வது மேலிடத்தின் தயவைப் பொறுத்ததாக இராது. நீட்டிப்பை எதிர்பார்த்திருப்பவர் மேலிடத்துக்குப் பிடிக்காத குறிப்பை எழுதத் தயங்குவார் அல்லவா?

ஆகவே விலக்கு எதற்கு அளிக்கப்படுகிறது என்பதே முக்கியம். மத்திய அரசாங்கத்தின் அடிப்படை விதி 56, நீட்டிப்பைப் பொதுவாகத் தடுத்துவிட்டுச் சில விதிவிலக்குகளை வைத்திருக்கிறது. உதாரணமாக, வரவு செலவுத் திட்ட வேலையில் இருப்பவருக்குப் பொதுநலன் கருதி மூன்று மாதத்துக்கு மேற்படாமல் நீட்டிக்கலாம். இங்கே விலக்கு வேலைக்காக. அதற்கு முடிவு நாளும் உண்டு.

ஆளுக்காகவே விலக்கு அளித்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. மத்தியப் புலனாய்வு இலாகாவை 1924 முதல் நடத்திவந்த எட்கார் ஹூவருக்கு 70 வயதில் கட்டாய ஓய்வு வரவிருந்தது. ஜனாதிபதி ஜான்ஸன் 1964-இல் அவர் பெயரைக் குறிப்பிட்டே ஆணையிட்டு விலக்களித்தார். 1972-இல் 77-ஆம் வயதில் இறக்கும்வரை ஹூவரே தலைவர். தலைவர்களையும் கிளர்ச்சியாளர்களையும் அவர் இலாகா வேவு பார்த்த விதம் பின்னர் செனட் விசாரணையில் வெளிப்பட்டது. 1976-இல் அப்பதவிக்குப் பத்தாண்டு வரம்பு சட்டமாயிற்று. 2011-இல் ஒருவருக்கு இரண்டாண்டு கூட்ட வேண்டியபோது, சட்டசபையில் பகிரங்கமாகத் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

நம் உச்ச நீதிமன்றமும் அமலாக்க இயக்குநர் வழக்கில், ஓய்வு வயதைத் தாண்டிய நீட்டிப்பு அரிதான விசேஷ நிலைமையில், குறுகிய காலத்துக்கே தரத்தக்கது என்று 2021-இல் கூறியது.

இதே சங்கடம் கூட்டுறவுச் சங்கங்களிலும் உண்டு. நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் காரியதரிசிக்கு ஆண்டுதோறும் நீட்டிப்புத் தந்துவந்தார்கள். யோக்கியமானவர், ஆனால் நூல் இருப்புக் கணக்கு அவர் ஒருவருக்கே விளங்கும். அவர் நோயுற்றதும் இரண்டு மாதம் கூலி பட்டுவாடா ஆகவில்லை. வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டவர்கள் நெசவாளர்கள். பிறகு அச்சங்கம் நிறைவேற்றிய நீட்டிப்புத் தீர்மானத்தில், முடியும் தேதியும், அதற்குள் வேலை பழக வேண்டிய இளைஞரின் பெயரும் சேர்த்தே எழுதப்பட்டன.