புள்ளலூர்ப் போரும் தரியா தௌலத் சுவரோவியமும்: வெற்றியைக் காட்சிப்படுத்தும் அரசியல்

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட ஆங்கிலக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் முறியடித்தனர். பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784இல் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் இப்போர் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டது. அவ்வோவியம் போரை எவ்வாறு காட்டுகிறது என்பதையும், ஆட்சி கைமாறியபின் அதன் பொருள் எவ்வாறு மாறியது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஆங்கிலப் படை சதுர வியூகத்தில் நெருக்குண்டு நிற்கிறது. அதன் நடுவே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். திப்புவோ மலரை முகர்ந்தபடி, உலாவிற்குப் புறப்பட்டவர்போல் காட்சியளிக்கிறார். வண்டி வெடித்ததும் பெய்லி காயமுற்றதும் வரலாற்று உண்மைகளே. ஆனால் ஒரு தரப்பிற்கு அச்சத்தையும் மறுதரப்பிற்கு அமைதியையும் பகிர்ந்தளித்தவர் ஓவியர். பொய்யுரைக்காமலேயே பரப்புரை செய்யும் வழி இது.

ஓவியம் சொல்லாமல் விட்டவையும் கருதத்தக்கன. 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றதும், அடுத்த மாதம் அதே புள்ளலூரில் அயர் கூட்டின் படையுடன் மீண்டும் மோத நேர்ந்ததும் மாளிகை எழும் முன்னரே நடந்துவிட்டன. சுவருக்கு உரியதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1780ஆம் ஆண்டு மட்டுமே. படையெடுப்பால் பாழான வடதமிழகச் சிற்றூர்களுக்கு இரு தரப்பின் ஓவியங்களிலும் இடம் கிடைக்கவில்லை என்பதைத் தமிழ் ஆய்வாளர் கவனிக்க வேண்டும்.

திப்பு 1799இல் வீழ்ந்தபின் இம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, மறைக்கப்பட்டிருந்த இவ்வோவியத்தைப் புதுப்பிக்கச் செய்தார். தம்மவர் தோல்வியை வெற்றியாளரே பேணியது முரணாகத் தோன்றலாம். அதற்குள் அத்தோல்விக்கு ஈடு செய்யப்பட்டுவிட்டது. புள்ளலூரில் சிறைப்பட்ட டேவிட் பெய்ர்டே ஸ்ரீரங்கப்பட்டணத் தாக்குதலை முன்னின்று நடத்தினார். திப்புவின் உடலருகே பெய்ர்டு நிமிர்ந்து நிற்பதாக டேவிட் வில்கி 1839இல் தீட்டிய ஓவியம், புள்ளலூர்ச் சுவருக்கு ஆங்கிலேயர் அளித்த மறுமொழி எனலாம்.

1850களில் டல்ஹௌசியின் ஆணைப்படி இச்சுவர் மீண்டும் வரையப்பட்டது. ஆகவே இன்று நாம் காணும் கோடுகளுள் எவை திப்புவின் ஓவியருடையவை, எவை பிற்காலத்தவை என்பதைப் பிரித்தறியாமல் பெய்லியின் முகபாவத்தை மட்டும் கொண்டு மைசூர் அரசின் மனநிலையை முடிவு செய்வது பொருந்தாது.