மாநிறத்தை வெளுக்கும் ஸ்லைடர்

தமிழ்ப் படத்துக்கு வண்ணம் கொடுத்த ஊர் சேலம். ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து 1956-ல் வெளியான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’தான் முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படம். அந்தச் சேலம் தொடங்கி ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் வரை இன்றைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மாநிறத்தில் ஒரு மணப்பெண் கண்ணில் படுவது அபூர்வம். அந்த நிறம் தொலைவது ஸ்டுடியோ கம்ப்யூட்டரில்.

அங்கே படம் திருத்தும் போட்டோஷாப் மென்பொருளின் ‘விண்டோ’ மெனுவில் ‘வொர்க்ஸ்பேஸ்’ என்று ஒன்று உண்டு. எசென்ஷியல்ஸ், போட்டோகிராபி, பெயிண்டிங், மோஷன் என்று எதைத் தேர்ந்தாலும் படம் மாறாது. எந்தப் பேனல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் என்பதுதான் மாறும். பெயிண்டிங்கில் பிரஷ்கள் முன்னுக்கு வரும், மோஷனில் வீடியோவுக்கான டைம்லைன். படம் திருத்தும் இன்னொரு மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் வேறு ரகம், அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை. லைப்ரரியில் படம் பொறுக்கி, டெவலப்பில் திருத்தி, புக்கில் ஆல்பம் கட்டலாம்.

என் கவலையெல்லாம் டெவலப் பகுதியைப் பற்றித்தான். நம் தோல் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு வகையில் விழும். ஆரஞ்சின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘லூமினன்ஸ்’ ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினால் முகம் வெளுக்கும். படங்களை மொத்தமாகத் தேர்ந்து ‘சிங்க்’ கொடுத்தால் முகூர்த்தத்திலிருந்து பந்தி வரை அத்தனை படமும் ஒரே மூச்சில் வெளுக்கும். தோலோடு நிற்பதுமில்லை, ஆரஞ்சுச் சாயல் உள்ள பூவும் நகையும் பட்டும் சேர்ந்தே வெளிறும். முன்பெல்லாம் அதை வைத்தாவது கண்டுபிடிக்கலாம். 2022 அக்டோபர் பதிப்பிலிருந்து முகத்தோலை மட்டும் மென்பொருளே தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது. இனி தடயமும் இருக்காது.

‘வீட்டுக்காரங்களே கேக்கறாங்க’ என்பது ஸ்டுடியோக்காரர்கள் தரப்பு. கேட்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் கேட்காதவர்களின் படங்களும் முன்கூட்டிச் சேமித்து வைத்த அதே திருத்தத்தில், அதே பிரீசெட்டில்தானே ஓடுகின்றன? வெயிலில் நின்று வளர்ந்த பெண்ணின் முகத்தை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்ற யாருக்கு உரிமை? அவள் பேத்தி அந்த ஆல்பத்தில் பார்க்கப்போவது வேறு யாரையோ.

வழி இருக்கிறது. லைட்ரூம் மூலப்படத்தைத் தொடுவதில்லை. ‘ரீசெட்’ அழுத்தினால் எடுத்த நிறம் திரும்பிவிடும். ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் மணப்பெண்ணே ஸ்டுடியோவில் உட்கார்ந்து, டெவலப்பில் ‘ஒய்’ விசையை அழுத்தச் சொல்ல வேண்டும். திருத்தியதும் திருத்தாததும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எது அச்சாக வேண்டும் என்று அவளே சொல்லட்டும். பாக்கிப் பணம் கொடுக்கும்போது மூலப்படங்களான ரா ஃபைல்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.