கல்லூரி யந்திரத்தில் சொந்தப் பக்கம்

ஒருவன் தன் பெயரால் ஒரு பக்கம் எழுதி ஊரார் படிக்கும்படி வெளியிட விரும்பினால், முன்னாளில் அவனுக்கு அச்சுக்கூடம் வேண்டியிருந்தது; காகிதத்துக்கும் தபாலுக்கும் பணம் வேண்டியிருந்தது. நமது தேசத்திலோ 1910-ஆம் வருஷத்து அச்சுச் சட்டத்தின்படி, புதிதாக அச்சுக்கூடம் வைப்பவரிடம் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கேட்கும் அதிகாரமும் மாஜிஸ்டிரேட்டுக்கு இருந்தது. இவை ஒன்றும் இல்லாமல், பதினெட்டு வயது மாணவன் தன் விடுதி அறையில் இருந்தபடியே உலகத்தாருக்கு எழுதலாம் என்னும் நிலைமை 1993, 1994-ஆம் வருஷங்களில் அமெரிக்கக் கலாசாலைகளில் உண்டாயிற்று. அந்த வசதியைச் சர்வகலாசாலைகள் பல இப்பொழுது சுருக்கி வருகின்றன. சில அறவே நிறுத்தியும் விட்டன. யந்திரசாலை உத்தியோகஸ்தர்கள் தங்களுக்குள் முடித்துக்கொள்ள வேண்டிய சில்லறை விஷயமாக இது கருதப்படுகிறது. நாம் அவ்வாறு கருதவில்லை.

பழக்கமில்லாத வாசகர்களுக்காக இதன் கிரமத்தைச் சிறிது சொல்லுவோம். கல்லூரியில் சேர்ந்ததும் மாணவனுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கும், அவனுடைய எழுத்துக்களை வைத்துக்கொள்ள ஓர் இடமும் அளிக்கப்படும். அவ்விடத்தில் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ என்ற பெயருடன் ஒரு பெட்டியை அவன் உண்டாக்கி, பிறர் படிக்கலாம் என்ற அனுமதிக் குறியும் இட்டுவிட்டால், அதில் வைப்பதெல்லாம் அக்கணமே உலகத்துக்குத் திறந்துவிடும். இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த சூப்பர்கம்ப்யூட்டர் நிலையத்தார் இயற்றிய வெப் சர்வரிலும், அதை அடியொற்றி 1995-ல் தோன்றிய அப்பாச்சியிலும் இந்த ஏற்பாடு இருந்தது. முகவரியில் கல்லூரியின் பெயருக்குப் பின் சிறு அலைபோல நெளிந்த ஒரு குறியும், அதையடுத்து மாணவனுடைய பெயரும் வரும். அந்த அலைக்குறிக்கு ‘இன்னாருடைய வீடு’ என்று பொருள். லியர் சீக்லர் கம்பெனியார் 1976-ல் வெளியிட்ட டெர்மினலின் விசைப்பலகையில் இக்குறியும் ‘ஹோம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரே விசையில் பொறிக்கப்பட்டிருந்தன; அதனால் வந்த வழக்கம் இது என்பார்கள். எழுதியதைக் கல்லூரித் தலைவர் பார்வைக்கு வைக்க வேண்டியதில்லை. எவரிடமும் கையொப்பம் பெற வேண்டியதில்லை. இதன் விசேஷமெல்லாம் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

பென்ஸில்வேனியா மாகாணத்து ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால், 1994 ஜனவரியில் தம் பக்கத்தைத் தொடங்கினார். தாம் கண்ட சுவையான பக்கங்களுக்கு வழி காட்டியதோடு, தம் சொந்த வாழ்க்கையையும் ஒளிவு மறைவின்றி எழுதலானார். அத்தனை வெளிப்படையான எழுத்து நமக்கு உவப்பானதன்று. ஆயினும் இன்று கோடிக்கணக்கான ஜனங்கள் செய்துவரும் நாட்குறிப்புப் பிரசுரத்துக்கு அவர் முன்னோடிகளில் ஒருவர் என்பதை மறுப்பதற்கில்லை. அதே வருஷத்தில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சி மாணவர்களாகிய ஜெர்ரி யாங், டேவிட் பைலோ என்னும் இருவர், வலைப்பக்கங்களுக்கு ஓர் அட்டவணை தயாரித்துக் கல்லூரி யந்திரங்களிலேயே வெளியிட்டனர். அந்த யந்திரங்களுக்கு அகெபோனோ, கொனிஷிகி என்று இரண்டு சுமோ மல்லர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள்! அவ்வட்டவணைதான் பின்னர் யாஹூ கம்பெனியாயிற்று. 1996-ல் அதே ஸ்டான்போர்டில் தொடங்கிய தேடும் யந்திரம், கல்லூரியின் இணைப்பு தாங்காத அளவுக்கு வளர்ந்து, 1998-ல் கூகுள் கம்பெனியாக வெளியேறியது. இவற்றில் எதற்கும் முன்கூட்டி ஒரு கமிட்டியின் சம்மதம் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதைக் கமிட்டிகளில் அமர்ந்து பழகியவர்கள் அறிவார்கள்.

நல்லவர்கள் நல்லதை எழுதும்பொழுது சுதந்திரத்தைப் போற்றுவது பெரிய காரியமன்று. இல்லினாய் மாகாணத்து நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலைக்கு வந்த சோதனையே சோதனை. அங்கே மின்சார எஞ்சினீரிங் கற்பித்த ஆர்தர் பட்ஸ் என்பவர், ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டது கட்டுக்கதை என்று 1976-லேயே புத்தகம் எழுதியவர். 1996-ல் அந்தப் பொய்யைச் சர்வகலாசாலை யந்திரத்திலிருந்த தம் சொந்தப் பக்கத்தில் ஏற்றினார். யூத மாணவர்களும் ஆசிரியர்களும் கொதித்தெழுந்தனர். அவர்களுடைய கோபம் முற்றும் நியாயமானது. சர்வகலாசாலைத் தலைவர் ஹென்றி பீனென் அக்கருத்தை வன்மையாகக் கண்டித்தார். ஆனால் பக்கத்தை நீக்க மறுத்தார். நெட்வொர்க்கை எல்லா ஆசிரியருக்கும் மாணவருக்கும் பொதுவாகத் திறந்த பின், இன்னார் கருத்து ஆகும், இன்னார் கருத்து ஆகாது என்று பிரிக்கலாகாது என்பது அவர் கொண்ட நிலை. இதில் வருந்தத்தக்க மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அதே எஞ்சினீரிங் கலாசாலையில் பகுதிநேர ஆசிரியர் ஒருவர், பட்ஸுக்கு மறுப்பாக அப்படுகொலையைப் பற்றிய பாடத்தைத் தம் வகுப்பில் நுழைத்தார். அவருடைய நியமனம் புதுப்பிக்கப்படவில்லை. வகுப்பு வேறு, சொந்தப் பக்கம் வேறு என்பது நிர்வாகத்தாரின் சமாதானம். நியாய சாஸ்திரத்தில் இதற்கு இடமிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. ஆயினும் பக்கத்தை விட்டுவைத்தது சரியென்றே நாம் சொல்லுவோம். அச்சேறிய பொய்யைப் பெயர் சொல்லி மறுக்கலாம். கல்லூரி உத்தியோகஸ்தர் ஒருவரின் கையில் தணிக்கைக் கத்தரியைக் கொடுத்துவிட்டால், அது பட்ஸின் பக்கத்தோடு நிற்குமா? வெள்ளைக்கார சர்க்காரின் தணிக்கையில் அடிபட்ட பத்திரிகைகளின் வழிவந்த நமக்கு இவ்விஷயத்தில் மயக்கமில்லை.

‘பிறர் எழுதியதற்குக் கல்லூரி ஜவாப்தாரியாகுமே’ என்று கலங்குவோர் உண்டு. அமெரிக்காவில் 1996-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு, யந்திர வசதி அளிப்போரை மற்றவர் எழுத்துக்குப் பிரசுரகர்த்தராகக் கருதலாகாது என்கிறது. அவ்வசதி அளிப்போரில் நூல்நிலையங்களையும் கல்வி ஸ்தாபனங்களையும் அதுவே வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. நமது நாட்டில் 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, சில நிபந்தனைகளுடன் இத்தகைய பாதுகாப்பை அளிக்கிறது. கோர்ட்டு உத்தரவோ சர்க்கார் அறிவிப்போ வந்த பின்பும் நீக்காமலிருந்தால்தான் அப்பாதுகாப்புப் போகும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் விளக்கியிருக்கிறது. மாணவருக்கு இடமளிக்கும் கல்லூரியும் இதன் நிழலில் வரும் என்பதே நமது அபிப்பிராயம். ஆகையால் எழுதியவன் தன் எழுத்துக்குச் சட்டத்தின் முன் பதில் சொல்லட்டும். கல்லூரி போலீஸ் வேலை பார்க்க வேண்டியதில்லை.

நமக்கு அதிகக் கவலை அளிப்பது தணிக்கையைவிட அழிவு. தணிக்கை செய்பவர் எதையாவது படித்துவிட்டே வெட்டுகிறார். மாணவன் பட்டம் பெற்று வெளியேறுகிறான். ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் அல்லது இறந்துபோகிறார். சில மாதங்களில் கணக்கு மூடப்படுகிறது. இருபது வருஷம் ஒருவர் சேர்த்துவைத்த பாடக்குறிப்புகளும் ஊர்வரலாறும் சொற்பட்டியலும், ஒருவரும் படித்துப் பார்க்காமலே, ஒரே கட்டளையில் மறைகின்றன. அவற்றை மேற்கோள் காட்டிய நூல்களின் கதி என்ன? ஹார்வர்டு சட்டக் கலாசாலையைச் சேர்ந்த ஸிட்ரெயின் முதலிய மூவர் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட வலை முகவரிகளில் பாதி, குறிப்பிட்ட விஷயத்துக்குக் கொண்டுசேர்க்கவில்லை என்று கண்டார்கள். தீர்ப்புக்கு ஆதாரமே காணாமற்போனால் வக்கீல் எதைக் காட்டி வாதிப்பது? வேறெங்கேனும் கம்பெனி இடத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்பாருக்கும் ஒரு வார்த்தை. லட்சக்கணக்கான சொந்தப் பக்கங்களைத் தாங்கிய ஜியோஸிட்டீஸை அதன் சொந்தக்காரராகிய யாஹூ கம்பெனியார் 2009 அக்டோபரில் மூடினார்கள். ஸான்பிரான்ஸிஸ்கோவில் புரூஸ்டர் கால் 1996-ல் தொடங்கிய இணைய ஆவணசாலை புண்ணியத்தால் ஒரு பகுதி மிஞ்சியது. அந்த ஆவணசாலையின் யந்திரம் எட்டாத பக்கங்கள் போனது போனதுதான்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 1995-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நா. கோவிந்தசாமி முதலானோரின் முயற்சியால், அந்நாட்டு நான்கு மொழிக் கவிதைகளும் அடங்கிய தொகுப்பு வலையில் ஏறியபொழுது, தமிழும் அதில் தன் எழுத்திலேயே நின்றது. வலையில் தமிழின் முதற்பக்கங்களுள் அவை எண்ணப்படுகின்றன. வியாபாரக் கம்பெனி எதுவும் தமிழ் எழுத்தை லட்சியம் செய்யாத காலத்தில், இடம் கொடுத்தது ஒரு சர்வகலாசாலை.

உத்தியோகஸ்தர்கள் சொல்லும் தடைகளில் ஒன்று மட்டும் மெய்யானது. கவனிப்பாரற்ற பழைய பக்கத்தின் வழியாகத் திருடர்கள் யந்திரத்துக்குள் புகக்கூடும். ஆனால் இந்த அபாயம், பக்கத்தின் பின்னே ஓடும் நிரல்களாலும் மூடாத கணக்குகளாலும் பெரும்பாலும் வருவது. கணக்கை மூடிவிட்டு, நிரல்களை நிறுத்திவிட்டு, எழுத்தையும் படத்தையும் மட்டும் உறைந்த நிலையில் வைப்பதால் யந்திரத்துக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் நேராது. இடச் செலவும் அற்பம். ஒரு மாணவன் நான்கு வருஷம் எழுதிய எழுத்து முழுவதும், இன்றைய கைப்பேசியில் பிடித்த சில படங்களின் இடத்தையே பிடிக்கும்.

ஆகவே நமது கல்லூரிகள் மாணவருக்கும் ஆசிரியருக்கும் அவரவர் பெயரால் ஓரிடம் தர வேண்டும். வெளியேறுபவருக்கு ஒரு வருஷ முன்னறிவிப்பும், தம் எழுத்தைப் பிரதி எடுத்துக்கொள்ள வசதியும் அளிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலன்றிப் பக்கத்தைப் பழைய முகவரியிலேயே விட்டுவைக்க வேண்டும். இறந்துபோன ஆசிரியர்களின் பக்கங்களைப் பொறுத்தவரை, அவற்றைக் கல்லூரி நூல்நிலையத்தாரின் பொறுப்பில் ஒப்படைப்பதே உசிதம். யந்திரசாலையில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை யந்திரங்களை மாற்றுகிறார்கள்; நூல்நிலையத்தில் அறுபது வருஷத்துப் புத்தகத்தையும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள்.