மூன்று கிலோ குறைய எத்தனை நாள் ஆகும்?

"ரொம்பல்லாம் வேண்டாம், ஒரு மூணு கிலோ குறைஞ்சா போதும்." உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கேட்பது கொஞ்சம்தான் என்பதால் அது சீக்கிரம் நடந்துவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. பத்து நாள், மிஞ்சிப்போனால் பதினைந்து நாள். அதற்குள் எடை மெஷின் அசைந்துகொடுக்கவில்லை என்றால் மனம் விட்டுப்போகிறது. சிலர் இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்துகிறார்கள். சிலர் முயற்சியையே நிறுத்துகிறார்கள்.

100 கிலோ எடை உள்ளவருக்கு முதல் மூன்று கிலோ இறங்குகிற வேகத்தில், 65 கிலோ உள்ளவருக்கு இறங்காது. பெரிய உடம்பு சும்மா இருக்கும்போதே அதிகக் கலோரியைச் செலவழிக்கும். அவர் சாப்பாட்டில் குறைப்பதற்கு இடமும் அதிகம் இருக்கும். அளவான உடம்புக்கு அந்த இடம் குறைவு. ஆகவே கொஞ்சமாக எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் சரிசெய்துகொள்ள வேண்டியது நாள் கணக்கை. மூன்று கிலோவுக்கு நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல வேகம்.

பத்து நாளில் ஏன் முடியாது?

நம் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,100 கலோரி. தினமும் 250 கலோரியைக் குறைத்தால், காகிதத்தில் 92 நாள். நடைமுறையில் இன்னும் ஒரு மாதம் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடை குறையக் குறைய உடம்பின் அன்றாடச் செலவும் கொஞ்சம் இறங்கும். நடுவில் ஒரு தீபாவளி வரும், ஒரு வளைகாப்பு வரும், காய்ச்சலில் நான்கு நாள் படுக்க நேரும். இதையெல்லாம் கணக்கில் சேர்த்தால்தான் அது நம் வீட்டுக் கணக்கு.

"பத்து நாளில் ஐந்து கிலோ" என்று சுவரொட்டியிலும் செல்போனிலும் வரும் விளம்பரத்தை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஐந்து கிலோ கொழுப்புக்கு 38,500 கலோரி; நாளுக்கு 3,850. வீட்டுவேலை செய்யும் 65 கிலோ பெண்மணி ஒருவர் ஒரு நாளில் செலவழிப்பதே 1,800 முதல் 2,000 கலோரிதான். அவர் பத்து நாளும் பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கொழுப்பு கரைய வழியில்லை. அந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி, ஐந்து கிலோ குறையாததற்குத் தன் மனவுறுதியைப் பழித்துக்கொள்ளும் பெண்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

முதல் வாரத்தில் இறங்குவது எது?

சோற்றை நிறுத்திய நான்கே நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்ததாகச் சிலர் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர்.

மாவுச்சத்தைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. பெரியவர் ஒருவரின் உடம்பில் இது சுமார் அரைக் கிலோ இருக்கலாம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, தோசையைத் திடீரென்று குறைத்தால் முதலில் செலவாவது இந்தச் சேமிப்பு. கூடவே அந்தத் தண்ணீரும் வெளியேறும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணி சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வரும். திங்கட்கிழமை காலை மெஷினில் ஒரு கிலோ கூடியிருப்பதைப் பார்த்து, "ஒரு நேரம் சாப்பிட்டதுக்கே ஒரு கிலோ ஏறிடுச்சே" என்று அழாத குறையாகச் சொல்வார்கள். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் அந்த ஒரு நாளில் வழக்கத்துக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். அது ஆகிற காரியம் இல்லை.

மெஷின் ஆடும் ஆட்டம்

கொஞ்சம் எடை குறைப்பவர்களைப் பெரிதும் குழப்புவது இதுதான். அதனால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தினமும் 250 கலோரி குறைத்து வரும் ஒருவருக்கு வாரத்தில் கரையும் கொழுப்பு சுமார் 200 கிராம். ஆனால் ஒரே ஆளின் எடை ஒரே நாளுக்குள் ஒரு கிலோ மேலும் கீழுமாகப் போவது இயல்பு. காலையில் எழுந்து மலஜலம் கழித்தபின் ஏறி நின்றால் 64.3. மதியச் சாப்பாடு, மூன்று செம்புத் தண்ணீர், மாலைக் காபி எல்லாம் ஆனபின் இரவில் ஏறினால் 65.4. முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு, அப்பளம், ஊறுகாய் என்று உப்பு தூக்கலாகச் சாப்பிட்டிருந்தால் மறுநாள் காலையிலேயே கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு ஒரு கிலோவுக்கு மேல்கூட நீர்கோத்துக்கொள்ளும். மலச்சிக்கல் இருந்தாலும் எடை கூடித் தெரியும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கிய வாரத்தில், வலியெடுத்த தசைகளில் நீர் சேர்ந்து எடை ஏறவும் செய்யும்.

ஆக, கரைந்தது 200 கிராம். ஆட்டமோ ஒரு கிலோ. மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு 600 கிராம் கொழுப்பைக் கரைத்த பெண், மாதவிடாய்க்கு முதல்நாள் மெஷினில் ஏறினால் 400 கிராம் கூடியதாகக் காட்டலாம். அவருடைய உழைப்பு பலித்திருக்கிறது. மெஷின் அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான். 20 கிலோ குறைக்கிறவருக்கு இந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாது. மூன்று கிலோ குறைக்கிறவருக்கு அது எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. மெஷினைச் சமமான சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையில் வையுங்கள். பாய் மேலோ மிதியடி மேலோ வேண்டாம். காலையில் கழிப்பறைக்குப் போய்வந்தபின், எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். தினமும் குறித்துக்கொண்டு வாரக் கடைசியில் சராசரி எடுங்கள். ஒரு வாரச் சராசரியை நான்கு வாரத்துக்கு முந்தைய சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்களுக்கு இந்த நான்கு வார இடைவெளி மிக முக்கியம், அப்போதுதான் மாதச்சுழற்சியின் அதே கட்டம் ஒப்பீட்டுக்கு வரும். நான்கு வாரத்தில் 600, 700 கிராம் இறங்கியிருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம். தினமும் எண்ணைப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும் என்பவர்கள் மெஷினை விட்டுவிட்டு இடுப்பை அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு.

எடை குறையாமலே கிடைத்த நன்மை

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து, 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பற்றி எடை குறைக்க நினைக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் அதில் கலந்துகொண்டார்கள். வழக்கமான கவனிப்பில் விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவை மாற்றி, நடைப்பயிற்சி செய்தவர்களில் அது 39 பேருக்குத்தான் வந்தது. இவர்களுடைய சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. மெஷினை மட்டும் பார்த்திருந்தால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லியிருப்பார்கள்.

எடை குறைந்தால் நன்மை கூடும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற பெரிய ஆய்வில், வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களுக்குக் குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சர்க்கரை நோய் வரும் அபாயம் 16 சதவீதம் இறங்கியது தெரியவந்தது. ஒரு கிலோ குறைந்தால் மேல் ரத்த அழுத்தம் சராசரியாக ஒரு புள்ளி இறங்கும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறையும். மூன்று கிலோவுக்கு 12 கிலோ. மாடிப்படி ஏற முடியவில்லை என்கிற அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) ஒன்றுதான்: 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களுக்குப் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆகவே பட்டினி கிடந்து, இருக்கிற தசையையும் சேர்த்துக் கரைத்து மூன்று கிலோ இறக்குவது நமக்கு நஷ்டம். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை தட்டில் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்து முறையாகச் செய்வதுகூட நல்ல தொடக்கம்.

மாதம் ஒரு லிட்டர் எண்ணெய்

தினம் 250 கலோரியை எங்கே குறைப்பது? என்னிடம் கேட்டால் சோற்றுப் பானையைத் தொடுவதற்கு முன் எண்ணெய்ப் பாத்திரத்தைப் பாருங்கள் என்பேன். தோசைக்கல்லில் மாவை ஊற்றிப் பரப்பியதும் தூக்கிலிருந்து சுற்றிலும் எண்ணெய் விடுகிறோம். திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று. கைப்பழக்கத்தில் விடும் அந்த எண்ணெய் ஒரு தோசைக்கு இரண்டு தேக்கரண்டியைத் தாண்டிவிடும். அதாவது 80, 90 கலோரி. மூன்று தோசைக்கு 250.

நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம் ஆகிறது. அதை நான்கு லிட்டராக்கினால் ஆளுக்குத் தினம் 70 கலோரி தானாகக் குறையும். யாரும் பசியோடு எழ வேண்டியதில்லை; தனிச் சமையலும் வேண்டாம். 70 கலோரியில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழகத்தில் அப்போது விஞ்ஞானியாக இருந்த கெவின் ஹால் 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, தினமும் சுமார் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் காலப்போக்கில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் ஆண்டிலும், ஏறக்குறைய முழுவதும் மூன்று ஆண்டிலும் நடக்கும். அப்படியானால் 70 கலோரிக்கு மூன்று கிலோ. இரண்டு வேளைக் காபியில் இரண்டிரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையை விட்டாலும் இதே அளவுதான்.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் எனக்குப் பெரிய ஆறுதல். நான்கு மாதத்தில் மூன்று கிலோவை இறக்க 250 கலோரி குறைக்க வேண்டும். இறக்கியதைக் காப்பாற்ற 70, 80 கலோரி குறைத்திருந்தாலே போதும். ஆயுள் முழுக்கக் கட்டுப்பாடு என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த 70-ஐயும் திருப்பிக் கொடுத்துப் பழைய சாப்பாட்டுக்கே போய்விட்டால் எடையும் பழையபடி வந்து நிற்கும்.

நடைப்பயிற்சியிடம் எவ்வளவு கேட்கலாம்?

முக்கால் மணி நேர நடைக்குச் சுமார் 150 கலோரி. நடை முடிந்து கடையில் நின்று இரண்டு மெதுவடை சாப்பிட்டால் அது தாண்டிவிடும். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் இறக்கிய எடை ஏறாமல் இருப்பதற்கும் நடங்கள். இறக்கும் வேலையைச் சாப்பாடுதான் செய்யும்.

கிடைக்காதவை

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிறு மட்டும் கரையாது. கொழுப்பு எங்கிருந்து முதலில் போகும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கும். சிலருக்கு முகம் முதலில் வாடும், இடுப்பு கடைசியில் இறங்கும். மூன்று கிலோ குறைந்ததும் ஊரே கண்டுபிடித்துச் சொல்லும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ரவிக்கைக் கை கொஞ்சம் தளரும், பெல்ட் ஓர் ஓட்டை உள்ளே போகும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல், உடல்பருமன் உள்ள 60 பெண்களிடம் எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்டார்கள். உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் என்றார்கள் அந்தப் பெண்கள். 17 கிலோ குறைந்தாலும் ஏமாற்றம்தான் என்றார்கள். 48 வாரச் சிகிச்சையில் சராசரியாக 16 கிலோ குறைந்தது. மருத்துவர்கள் மகிழக்கூடிய அந்தப் பலன், அதைப் பெற்றவர்களில் பலருக்குத் தோல்வியாகத் தெரிந்தது. நான்கு மாதத்தில் இரண்டே கிலோ குறைந்தவருக்கும் இதுவே நேரலாம். 65 கிலோ உடம்பில் இரண்டு கிலோ என்பது மூன்று சதவீதம். அதை நல்ல பலனாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டியவர்கள்

பி.எம்.ஐ. 23-க்குக் கீழே, இடுப்பளவும் சரியாக இருப்பவர் எடை குறைக்கத் தேவையில்லை. தசையைக் கூட்டினால் போதும். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் தாங்களாகச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் பிரசவ எடையை அவசரமாக இறக்க வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசை இழப்பு ஆபத்தானது என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும்.

எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தால், அதாவது 65 கிலோ உள்ளவர் மூன்றேகால் கிலோ இளைத்தால், சந்தோஷப்படாமல் உடனே பரிசோதனைக்குப் போங்கள். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றின் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் சோற்றின் அளவைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு பழையபடி இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் எடை இறங்கும் மாதங்களில் அழுத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.