துடைப்பதா, கீறுவதா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். அங்குள்ள திருமாகறலீசுவரர் கோயிலுக்குக் காரில் வந்த ஒருவர், வழிபாடு முடிந்து திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரின்மேல் புழுதி படிந்திருக்கிறது. உலர்ந்த துணி ஒன்றை எடுத்துப் பரபரவென்று துடைக்கிறார். காருக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைக்கிறார். ஆனால் அந்தத் துணி உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது! எப்படி என்று பார்ப்போமா?

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். சாலைப் புழுதியிலும் அது உண்டு. எந்தக் கனிமம் எதைக் கீறும் என்பதைக் கொண்டு, 1812-இல் பிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு கடினத்தன்மை அளவுகோலை அமைத்தார். அதில் வைரம் 10, குவார்ட்ஸ் 7. சன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5தான். கண்ணாடியையே கீறும் துகளுக்கு வண்ணப்பூச்சு எம்மாத்திரம்?

இன்றைய காரின் பூச்சு ஒரே படலம் அன்று. தகட்டின்மேல் துருத்தடுப்புப் படலம், அடிப்பூச்சு, நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும். தெளிபூச்சின் தடிமன் சுமார் 40 மைக்ரான். நம் தலைமயிரைவிடக் குறைவு. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுப்பதும் இதுவே. கீறல்களைப் போக்க மெருகேற்றும்போது பள்ளங்கள் நிரம்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சுதான் தேய்ந்து சமமாகிறது. தேய்ந்த பூச்சு மீண்டும் வளராது.

இப்போது ஒரு சோதனை. பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றில் மின்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பத்தைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடுகள் தெரிகின்றனவா? தலையை நகர்த்துங்கள், வட்டங்களும் கூடவே நகரும்! உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. பிம்பத்தைச் சுற்றி, வட்டத்தின் தொடுகோடுபோல் அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. மற்றவை வேறு பக்கம் திருப்பிவிடுகின்றன. வெயிலில் நிற்கும் காரில் தெரியும் 'சிலந்தி வலை'யும் இதுதான்.

அப்படியானால் காரை எப்படிக் கழுவுவது? நிழலில் நிறுத்தி, முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். துணி படுமுன்பே மணல் ஓடிவிட வேண்டும். பிறகு, கார் கழுவுவதற்கான மென்மையான சோப்புக் கரைசலைப் பயன்படுத்துங்கள். தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். சோப்பு அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதால், நீர் அழுக்கின் அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடுகிறது. மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மணல் அதிகம் சேர்வது கீழ்ப்பகுதியில்தான். துணியை அலச வேறொரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். கழுவி முடித்தபின் அதன் அடியில் தங்கியிருக்கும் மணலைப் பாருங்கள். காரைக் கீறாமல் தப்பிய மணல் அது!

நீர் தானாக உலரும்வரை விடாதீர்கள். கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோல் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் பூச்சை அரிக்கும். அதைச் சுரண்டாமல், ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

கடைசியாக மெழுகு. பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பெயர்பெற்றது. மெழுகின்மேல் நீரின் தொடுகோணம் 90 பாகையைத் தாண்டுவதால், நீர் பரவாமல் முத்துமுத்தாகத் திரண்டு உருண்டோடும். மெழுகு தேய்ந்தால் மீண்டும் பூசலாம். தெளிபூச்சுக்குப் பதிலாக அது தேயட்டுமே!

அடுத்த முறை வீட்டில் யாரேனும் உலர்ந்த துணியோடு காரை நெருங்கினால், அவர் கையில் முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுங்கள். காரணம் கேட்டால், எவர்சில்வர் தட்டைக் காட்டுங்கள்.