கணக்கு நோட்டிலிருந்து கான்வாஸுக்கு

"பொண்ணு ஓவியக் கல்லூரியிலதான் சேருவேன்னு நிக்கிறாங்க. படம் போட்டுப் பொழைக்க முடியுமா?" தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாவும் மரவள்ளியும் மழையை நம்பி நிற்கிற ஊர் நம்முடையது. படித்த பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிற ஊர். கலை பெரிது, காசு சிறிது என்று பேசி அவர் வாயை அடைப்பது தப்பு. அதனால், இதே கேள்வியை ஆயுள் முழுக்கச் சுமந்த ஓர் ஓவியரைப் பற்றி அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், மலையாளக் குடும்பம். பதின்வயதிலேயே நீர்வண்ணத்தில் வயலும் தென்னையும் வாய்க்காலுமாக வரைந்து, சென்னையில் கண்காட்சிக்கு வைக்கிற அளவுக்குக் கை தேறியிருந்தது. ஆனால் நேரே ஓவியப் பள்ளிக்குப் போக வீட்டு நிலைமை விடவில்லை. தந்தி இலாகாவில் வேலை பார்த்தார், இன்சூரன்ஸ் ஏஜென்டாக அலைந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராக உட்கார்ந்தது 1936-இல், 25 வயதில். நம் வீடுகளில் அந்த வயதுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

அந்தப் பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பணிக்கர் சேர்ந்தபோது தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வர். மெரினாவில் நான்கு பேர் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர்தான். பணிக்கர் 1940-இல் படிப்பை முடித்து, அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரானார். நடுவே 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1961-இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்று கலைக்கென ஓர் இதழும் வந்தது. பதவிகளை இத்தோடு விடுகிறேன். படத்துக்கு வருவோம்.

நண்பர் போனில் பணிக்கரின் ஒரு படத்தைத் தேடி எடுத்தார். 'சொற்களும் குறியீடுகளும்' என்று பெயர் பெற்ற வரிசையில் ஒன்று. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்றார். நல்ல கண் அவருக்கு. அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் முதலில் வருகிற கேள்வி அதுதான். பலகை முழுக்கப் பொடி எழுத்து, மலையாளம் போலச் சுழிந்து ஓடுகிறது. இடையில் ஜாதகக் கட்டம், அல்ஜீப்ரா மாதிரி சில வரிகள், ஒரு மீன், ஒரு பறவை, ஒரு பாம்பு. எழுத்தைப் படிக்கப் போனால் பிடி கொடுக்காது. படிப்பதற்கென்று எழுதப்பட்டதே அல்ல அது.

ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1954-இல் பணிக்கர் ஐரோப்பா போனார். லண்டனில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதுவரை அவர் படங்களில் வான்கோவின் வேகமும் கொகெனின் வண்ணமும் கலந்திருக்கும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே போய் அந்த மூலங்களின் நடுவே நிற்கும்போது, நான் யார், என் கோடு எங்கிருந்து வருகிறது என்ற சங்கடம் வராமல் இருக்குமா? அந்தத் தலைமுறை ஓவியர்கள் எல்லாரையும் அரித்த கேள்வி அது. பாரிஸைப் பார்த்து வரைந்தால் நகல். அஜந்தாவைப் பார்த்து வரைந்தால் அதுவும் நகல்தான், நம்முடையது என்ற பெயரில். இரண்டு கதவையும் சாத்திவிட்டு மூன்றாவது ஒன்றைத் தேடிக் கிட்டத்தட்ட பத்து வருஷம் போனது.

1963 வாக்கில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டைப் பார்த்ததில் பொறி தட்டியது என்று சொல்வார்கள். எண்களும் கோடுகளும் அடித்தல்களும் நிறைந்த பக்கம். கணக்கின் அர்த்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்தப் பக்கமே ஓர் ஓவியம். நம் வீட்டுப் பீரோவில் மஞ்சள் தடவிய ஜாதகம் இருக்கும். நமக்கு அதைக் கணிக்கத் தெரியாது. ஆனாலும் கையில் எடுத்தால் ஒரு பயபக்தி வருகிறது அல்லவா? எழுத்துக்கு அர்த்தம் தவிர ஒரு தோற்றமும், அந்தத் தோற்றத்துக்கு ஒரு கனமும் உண்டு. பணிக்கர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆழம் காட்டும் நிழலை, உடம்பின் திரட்சியை, தூரக் காட்சியை எல்லாம் எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் ஓடவிட்டார்.

இதை நண்பருக்குப் புரியவைக்க எனக்கு வெளியூர் உதாரணம் தேவைப்படவில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வில்லோ வாளோ ஏந்திய வீரன், அவனைச் சுற்றி வட்டெழுத்து. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் ஆநிரை கவர்ந்தார்கள், யார் மீட்டுப் பட்டான் என்று இருக்கும். இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதே மாதிரிக் கற்களை நம் கிராமங்களில் வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைக்கிறோம். உருவமும் எழுத்தும் ஒரே கல்லில், ஒரே உளியால் வந்தவை. எழுத்து படத்துக்கு அடிக்குறிப்பாக ஒதுங்கி நிற்கவில்லை, அதுவும் படத்தின் உடம்பு. பணிக்கர் இந்தக் கற்களைப் பார்த்து வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கற்களோடு வளர்ந்த கண்ணுக்குப் பணிக்கர் அந்நியர் அல்லர் என்கிறேன். நவீன ஓவியம் நமக்குப் புரியாது என்று ஒதுங்கிக்கொள்கிறோமே, அதில் எனக்கு வருத்தம் உண்டு. புரிந்துகொள்ளும் பழக்கம் ஏற்கெனவே நம் ஊர் எல்லையில் நிற்கிறது.

"சரிங்க, சோத்துக்கு?" என்று நண்பர் விட்ட இடத்துக்கே வந்தார்.

பணிக்கர் பெரிய ஓவியர் என்பதை விட, எனக்கு அவர்மீது மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான். அவருக்கு அரசாங்கச் சம்பளம் இருந்தது. மாணவர்களுக்கு? நல்ல கை உள்ளவர்கள் படிப்பு முடிந்ததும் விளம்பரக் கம்பெனிக்கோ வேறு வேலைக்கோ போய், சில வருஷத்தில் வரைவதையே விட்டுவிடுவார்கள். அது அவரை உறுத்தியது. தந்தி இலாகாவில் உட்கார்ந்து பார்த்தவர் ஆயிற்றே. அதனால் கைத்தொழிலைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்று உருவானது. முக்கியமாக பத்திக் வேலை. துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்த இடத்தில் மட்டும் மெல்லிய நரம்பாக உள்ளே இறங்கும். கடைசியில் வெந்நீரில் மெழுகை எடுத்துவிடுவார்கள். ஓவியம் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் இந்தத் துணிகளை ஆசையாக வாங்கின. நாளில் கொஞ்ச நேரம் விற்கிற வேலை, மிச்ச நேரம் யாருக்கும் கட்டுப்படாமல் தன் படம். இதுதான் ஏற்பாடு.

அந்தப் பணத்தில், சென்னைக்குத் தெற்கே கடலோரம் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் மணல் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். 30-க்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்தார்கள். எஸ்.ஜி. வாசுதேவ், கே.வி. ஹரிதாசன், சுல்தான் அலி, சேனாதிபதி, பணிக்கரின் மகனும் சிற்பியுமான நந்தகோபால் எல்லாரும் அங்கே இருந்தவர்கள். அரசு உதவியும் இல்லை, ஜமீன் தயவும் இல்லை. ஓவியர்களே உழைத்து நிலம் வாங்கி, அதில் வீடு கட்டிக்கொண்டார்கள். நம் நாட்டில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சுட்ட முடியவில்லை.

குறையே இல்லாத இடம் என்று சொல்லமாட்டேன். அர்னவாஸ் போன்ற ஒரு சிலரைத் தவிரப் பெண்கள் மிகக் குறைவு. இன்று மகளை அனுப்பப்போகிற தகப்பன் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். கே. ராமானுஜம் என்று ஓர் அபூர்வமான ஓவியர் அங்கே இருந்தார். கனவு நகரங்களை, விசித்திர விலங்குகளை மசிக்கோட்டில் கொண்டுவந்தவர். மன அலைக்கழிப்போடு வாழ்ந்து 1973-இல் இளம் வயதிலேயே போய்விட்டார். கூரையும் வருமானமும் கிடைத்தாலும் ஒரு மனிதருக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடாது.

பணிக்கர் 1967-இல் ஓய்வு பெற்று, அதன்பின் சோழமண்டலத்திலேயே வரைந்தார். 1976-இல் லலித் கலா அகாதெமி தன் ஃபெல்லோஷிப்பைக் கொடுத்தது. 1977 ஜனவரியில் இறந்தார். அவர் கேரள அரசுக்குக் கொடுத்த படங்கள் திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே உள்ள கலைக்கூடத்தில் இருக்கின்றன. பத்திரிகைகளில் நாம் பார்த்துப் பழகிய ஆதிமூலத்தின் கோடுகளும் பணிக்கர் முதல்வராக இருந்த அந்தக் கல்லூரியில் பயின்றவைதான்.

நண்பரிடம் கடைசியாகச் சொன்னது விண்ணப்பப் படிவம் பற்றி. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்துச் சேரலாம், நான்கு வருஷப் படிப்பு. சென்னையில் ஓவியம் தவிர சிற்பம், சுடுமண், துணி வடிவமைப்பு, அச்சுக்கலை, காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்று பிரிவுகள் உண்டு. ஓவியம்தான் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் கொடுத்துவிடுங்கள்; கூடவே துணியோ மண்ணோ அச்சோ, விற்கிற மாதிரி ஒரு வேலையை அங்கேயே கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். சேர்க்கைக்குச் சென்னை போகிற அன்று கையோடு ஈஞ்சம்பாக்கம் கூட்டிப்போங்கள். சோழமண்டலத்தில் 2009 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தத் தலைமுறையின் படங்கள் அங்கே மாட்டியிருக்கின்றன. படம் பார்த்து முடித்ததும், அங்கே குடியிருக்கும் ஓவியர் யாராவது பேசக் கிடைத்தால், எந்த மாதம் எது விற்றது, வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் எப்படிக் கட்டினீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.