ரெக்கார்டர் பழக ஆசையா? நடன மெட்டில் ஆரம்பியுங்கள்!

"இந்த வயசுக்கு மேலே குழல் ஊதக் கத்துக்கறதாவது!" என்று சிரிக்காதீர்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்கிற ரெக்கார்டர் நமக்கும் சுலபமாக வரும். புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடிக்க வேண்டாம். நாயனம் போல நேராகப் பிடித்து ஊதினாலே சத்தம் வந்துவிடும். முன்பக்கம் 7 துளை, பின்பக்கம் கட்டைவிரலுக்கு 1 துளை.

கீச்சென்று அலறுகிறதா? அநேகமாக இரண்டே காரணம்தான். பலமாக ஊதுகிறீர்கள், இல்லையென்றால் துளை சரியாக மூடவில்லை. மூக்குக் கண்ணாடி துடைக்க ஆவி படிய ஊதுவோமே, அந்த மூச்சு போதும். விரல் நுனியால் இல்லாமல், சதைப்பற்றான இடத்தால் மூடுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நாக்கு 'து' என்று மெல்லத் தொட்டு எழ வேண்டும்.

இடது கை மேலே இருக்கட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூடினால் ஒரு ஸ்வரம். நடுவிரலும் சேர்ந்தால் அதற்குக் கீழ் ஸ்வரம். மோதிர விரலும் சேர்ந்தால் இன்னும் கீழே. முதல் வாரத்துக்கு இந்த மூன்றே போதும்.

அப்புறமும் வெறும் ஸ்வர வரிசையையே ஊதிக்கொண்டிருந்தால் அலுப்புத் தட்டி, குழல் பரணுக்குப் போய்விடும். அதனால்தான் இங்கிலாந்தின் பழைய நடன மெட்டுகளைச் சொல்கிறேன். 1651-ல் ஜான் பிளேஃபோர்டு என்ற லண்டன் பதிப்பாளர், நூற்றுக்கும் மேற்பட்ட நடனங்களை மெட்டோடு புத்தகமாகப் போட்டார். 'கேதரிங் பீஸ்காட்ஸ்', அதாவது பட்டாணிக்காய் பறிப்பது, அதில் ஒன்று. பின்னாளில் மங்கிப்போன அந்த நடனங்களை மீட்க 1911-ல் செசில் ஷார்ப் சங்கம் வைத்தார். மறந்துபோன ரெக்கார்டரை 1919-ல் ஆர்னால்டு டால்மெட்ச் மறுபடி செய்தார்.

இந்த மெட்டுகள் பெரும்பாலும் இரண்டு சின்னப் பகுதிகள்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பார்கள். ஆடுபவர் அடி முடிகிற இடத்தில் நாமும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். முக்கியமான விஷயம், ஆடுகிற கால்கள் நமக்காக நிற்காது. ஒரு ஸ்வரம் தவறினால் போகட்டும், அடுத்ததில் சேர்ந்துகொள்ளுங்கள். தவறும்போதெல்லாம் 'முதல்லேருந்து' என்று திரும்புகிறவர்களுக்கு ஒரு பாட்டும் முடிவதில்லை.

ஸ்வரம் குறைவான மெட்டாகப் பார்த்து எடுங்கள். குழந்தையைத் தாளம் தட்டச் சொல்லி, நிதானமாக வாசியுங்கள். தினம் 10 நிமிஷம் போதும். பிளாஸ்டிக் குழலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். அம்மாவும் பிள்ளையும் ஒரே குழலை ஊதுவதானால், கைமாறும்போதும் கழுவ மறக்காதீர்கள்!